மாரியில் ஒருதரம், கோடையில் ஒருதரம்

"தங்கச்சி, நாளைக்கு ஒரு காணி பார்க்கப் போறன். நீரும் ஒருக்கால் கூட வாறீரா?"

2024 ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவு அந்த அக்கா தொலைபேசியில் இப்படிக் கேட்டார். எனக்கு மறுநாள் அலுவலகத்தில் வேலை இருந்தது. ஆனாலும் அவருடைய குரலில் இருந்த அவசரம் என்னை யோசிக்க வைத்தது. "முற்பணமும் கொண்டு போறன். ஆள் ஆட்டிப் படைக்குது, வேற ஆக்களும் கேக்கினமாம்" என்று அவர் சொன்னதும் விடுப்பு எடுத்துவிட்டேன்.

அக்காவை எனக்கு ஏழு வருடங்களாகத் தெரியும். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கான சேமிப்புக் குழுவொன்றில் அறிமுகமானவர். கணவர் 2009 இல் காணாமற்போனவர். இரண்டு பெண்பிள்ளைகள். யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு தையல் வேலை செய்து சேமித்தார். பிரான்சில் இருக்கும் தம்பியும் ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருந்தார். தாய் தகப்பன் குடியேறி வாழ்ந்த கிளிநொச்சி மண்ணிலேயே ஒரு கால் ஏக்கர் வாங்கி, சிறிதாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை.

"உங்கட அப்பாவின்ர காணி இருக்குத்தானே, அதில ஒரு துண்டு வாங்கேலாதா?" என்று முன்பொருநாள் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்தார். தகப்பனுடையது அரசாங்கம் குடியேற்றத் திட்டத்தில் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணி. பின்னுரித்தாளர் யார் என்று தகப்பன் பதிந்து வைக்கவில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பழைய ஒழுங்குப்படி மகள்மாருக்கு முன் மகன்மார். அவர்களுள்ளும் மூத்தவர் முதலில். ஆகவே அது மூத்த அண்ணனுக்குப் போயிற்று. ஆண் பெண் என்ற இந்த வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 இல்தான் வந்தது. அக்காவுக்கு அது காலம் கடந்து வந்த நீதி.

ஆனையிறவு தாண்டி

காலை ஆறு மணி பஸ்சில் புறப்பட்டோம். சாவகச்சேரி, கொடிகாமம், பளை என்று பனைகளும் தென்னைகளும் பின்னால் ஓடின. முகமாலையைக் கடக்கும்போது அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. அந்தப் பக்கங்களில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் நெடுங்காலம் நின்றவை. மிதிவெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிய பூமி அது. வன்னியில் காணி பார்ப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அங்கிருந்துதான் வருகிறது. இந்தக் காணி துப்புரவாக்கப்பட்டதா? காணி முழுவதுமா, அல்லது வீட்டைச் சுற்றிய பகுதி மட்டுமா? பற்றை மண்டிக் கிடக்கும் காணியை விற்பவர் "ஒண்டுமில்லை" என்று சொல்வது போதாது. கிராம உத்தியோகத்தரிடமும் அயலவர்களிடமும் கேட்க வேண்டும். கிணறு வெட்டுபவர்களுக்கும் வேலி போடுபவர்களுக்கும் நல்ல ஞாபகம் இருக்கும்.

ஆனையிறவில் உப்பளமும் வெறும் வெளியும். ஆகஸ்ட் வெயிலில் சோழகக் காற்று புழுதியை வாரி இறைத்தது. பரந்தனில் இறங்கித் தரகரின் ஓட்டோவில் ஏறினோம். அவர் ஏறியவுடன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா எந்த ஊர்? ஆற்றை ஆக்கள்?" என்பதுதான்.

சமூகவியல் வகுப்பில் நான்கு வருடம் படித்த ஒரு விஷயத்தை அந்தத் தரகர் இரண்டு சொற்களில் சொல்லிவிட்டார். நமது சமூகத்தில் காணி விலை மண்ணைப் பார்த்து மட்டும் தீர்வதில்லை. வாங்குபவர் யார், எந்தப் பகுதியார் என்று பார்த்து "விற்றுப்போச்சு" என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. தனியே வரும் பெண் என்றால் விலை ஒன்று. அண்ணனோ மச்சானோ கூட வந்தால் விலை இன்னொன்று. அக்கா அமைதியாக, "இந்த ஊர்தான் தம்பி, நான் பிறந்து வளர்ந்த இடம்" என்றார். பதில் அத்துடன் முடிந்தது.

முதற் காணி: கடுதாசி

இரணைமடுவின் வாய்க்கால் பாயும் பக்கமாக இருந்தது முதலாவது காணி. அழகான காணி. பத்துப் பதினைந்து தென்னை, ஒரு மாமரம், கட்டிய கிணறு. தண்ணீர் இனித்தது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. கைப்பையை இறுகப் பிடித்திருந்த அவருடைய கை தளர்ந்ததை நான் கண்டேன். அதற்குள் இரண்டு இலட்சம் ரூபாய் இருந்தது.

"உறுதி இருக்கோ ஐயா?" என்று கேட்டேன்.

"பேர்மிற் பிள்ளை. ஒரு பிரச்சினையும் இல்லை. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் வாங்கி விக்கிறது. சமாதான நீதவானிட்டப் போய் ஒரு கடுதாசி எழுதுவம்."

சகோதரிகளே, காணி வாங்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. அந்தக் காணி எந்த வகைக் காணி என்பதையே. நமது பகுதிகளில் பொதுவாக மூன்று வகை உண்டு.

முதலாவது, உறுதிக் காணி. தனியாருக்குச் சொந்தமானது. நொத்தாரிசு முன் உறுதி முடித்துக் கைமாறக்கூடியது. இரண்டாவது, அனுமதிப்பத்திரக் காணி. இது அரச காணி. இருந்து பயன்பெறும் உரிமைதான் குடும்பத்துக்கு உண்டு. விற்கும் உரிமை இல்லை. மூன்றாவது, அளிப்புப் பத்திரக் காணி. ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் வழங்கப்பட்டவை இவை. இவற்றைக் கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் முன்கூட்டியே வேண்டும். நினைத்தபடி துண்டு துண்டாகப் பிரிக்கவும் முடியாது.

அனுமதிப்பத்திரக் காணியைக் கடுதாசி எழுதி வாங்கினால் என்ன நடக்கும்? விற்றவர் உயிரோடு இருக்கும்வரை ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். அவர் இறந்த மறுமாதம் அவருடைய பிள்ளைகள் படலையில் வந்து நிற்கலாம். நிபந்தனையை மீறியதாகப் பிரதேச செயலகம் அனுமதிப்பத்திரத்தையே ரத்துச் செய்யலாம். அப்போது நமது கையில் இருக்கும் கடுதாசிக்கு மதிப்பில்லை. வீட்டுத் திட்டம் வந்தாலும் வங்கிக் கடன் கேட்டாலும் உரித்துப் பத்திரத்தைத்தான் முதலில் காட்டச் சொல்வார்கள்.

அந்த ஐயா விடவில்லை. "இப்ப எல்லாத்துக்கும் முழு உரித்துக் குடுக்கினம்தானே" என்றார். அரச காணியில் இருப்பவர்களுக்கு முழு உரித்து வழங்குவதற்கென 'உறுமய' என்றொரு திட்டம் 2024 இன் தொடக்கத்தில் ஆரம்பிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் திட்டம் ஆரம்பித்தது வேறு, இந்தக் காணிக்கு முழு உரித்துக் கிடைத்தது வேறு. "அந்தப் பத்திரம் உங்கட கையில இருக்கோ ஐயா?" என்று கேட்டேன். "வரும்" என்றார். வந்தபிறகு பேசுவோம் என்று எழுந்தோம்.

ஓட்டோவில் ஏறும்வரை அக்கா பேசவில்லை. பிறகு, "அந்த மாமரம் எங்கட அப்பாவின்ர காணியில நிண்ட மரம் மாதிரியே இருந்தது" என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

என் அப்பாவின் மூன்று பரப்பு

முற்பணம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஏன் நெஞ்சு பதைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடப்பெயர்வுகளுக்குப் பிறகு என் அப்பா வலிகாமத்தில் மூன்று பரப்புச் செம்பாட்டுக் காணி வாங்கினார். பத்துப் பேர்ச்சஸ் ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். விற்றவர் அப்பாவுக்கு நன்கு பழக்கமானவர். உறுதியும் முடித்தார்கள். ஆனால் உறுதியில் எழுதியிருந்தது 'பிரிபடாத பங்கு' என்று. ஒன்பது பரப்புக் காணியில் மூன்றிலொரு பங்கு நமக்கு. எந்த மூன்று பரப்பு என்று எங்கும் இல்லை. நில அளவையாளரைக் கூப்பிட்டுப் படம் கீறினால் செலவாகும் என்று அப்பா விட்டுவிட்டார். "அவர் காட்டின இடந்தானே" என்றார்.

மற்றப் பங்காளிகள் இந்தியாவிலிருந்து திரும்பி வந்தபோது, வீதிப் பக்கம் தங்களுடையது என்றார்கள். ஒழுங்கையை அடைத்தார்கள். கிணறு அவர்கள் பக்கம் போயிற்று. வழக்குப் பதினான்கு வருடங்கள் நடந்தது. தவணைக்கு மேல் தவணை. அப்பா தீர்ப்பைப் பார்க்காமலே கண்மூடினார். இன்றைக்கும் என் அம்மா கோயிலுக்குப் போகும்போது அந்த ஒழுங்கை வழியாகப் போகமாட்டார்.

யாழ்ப்பாணத்து உறுதிகளில் 'வழி வாய்க்கால்' என்றும் 'கிணற்றில் பங்கு' என்றும் எழுதுவார்கள். சிறு வயதில் அவற்றை ஏதோ மந்திரம்போலக் கேட்டிருக்கிறேன். ஒரு காணிக்கு மூச்சுப் போவதும் வருவதும் அந்த இரண்டு சொற்களால்தான் என்பது பிறகுதான் விளங்கிற்று. ஆகவே வாங்கும் காணிக்குப் பாதை உண்டா, அந்தப் பாதை உறுதியிலும் நில அளவைப் படத்திலும் உண்டா, சீமெந்து லொறி உள்ளே வந்து திரும்புமா, கிணறு தனிக் கிணறா பங்குக் கிணறா என்பதை எழுத்தில் பாருங்கள். வாய்ச்சொல்லில் கிடைத்த பாதை, மனம் கசந்த நாளில் மூடப்படும்.

பிரிபடாத பங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேசவழமைக்கு உட்பட்டவர்களின் காணியில் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால், அவர்கள் நீதிமன்றம் போகலாம். 'பங்காளிகளுக்கு அறிவித்தாயிற்றா?' என்று நொத்தாரிசிடம் நேரே கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டாவது காணி: சுவரில் ஒரு கோடு

மத்தியானத்துக்குப் பிறகு பரந்தன் முல்லைத்தீவு வீதியால் கண்டாவளைப் பக்கம் போனோம். இது உறுதிக் காணி. விலையும் குறைவு. சொந்தக்காரர் கனடாவில், இங்கே மைத்துனருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தார். தட்டையான, பச்சைப் புல் முளைத்த காணி. ஆகஸ்டில் மற்றெல்லா இடமும் காய்ந்து கிடக்க இங்கு மட்டும் ஏன் பச்சை என்று எனக்குத் தோன்றியது.

கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்தேன். கரித்தது. "மழைக்குப் பிறகு நல்லாகும்" என்றார் மைத்துனர். அயல் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டு அம்மா குடத்தைக் காட்டி, "குடிக்கிற தண்ணி பவுசரில வரும் பிள்ளை" என்றார். அவருடைய வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் மங்கலான மண்ணிறக் கோடொன்று ஓடியிருந்தது.

"இது என்னம்மா?"

"அது 2018 மார்கழி வெள்ளம் வந்த அளவு. சுண்ணாம்பு அடிக்க அடிக்க மேல வருது. நானும் விட்டிட்டன்."

2018 டிசம்பர் 21 ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் இரணைமடு நிரம்பி வழிய, கிளிநொச்சி முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு நீரைக் கொண்டுவந்து, மீண்டும் அங்கிருந்து வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் களப்பில் கலக்கிறது. அதன் வழியிலும் அதன் பள்ளத்திலும் இருக்கும் காணிகளுக்குக் கோடையில் ஒரு முகம், மாரியில் ஒரு முகம். கோடையில் பார்த்தால் புல். மாரியில் பார்த்தால் குளம்.

அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், காணியைக் கோடையில் ஒருதரமும் மாரியில் ஒருதரமும் பார்க்க வேண்டும் என்பார்கள். ஆவணி புரட்டாதியில் பார்த்தால் கிணறு வற்றுமா, உவர்க்குமா என்று தெரியும். கார்த்திகை மார்கழியில் பார்த்தால் வெள்ளம் எதுவரை வரும், ஒழுங்கையில் சைக்கிள் போகுமா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாமா என்று தெரியும். இரண்டு பருவமும் காத்திருக்க முடியாதவர்கள் சுவர்களையும் மரங்களையும் வாசிக்கப் பழக வேண்டும். சுவரில் கோடு இருக்கிறதா? நாணலும் கோரையும் முளைத்த இடமா? அயல் வீடுகளின் அத்திவாரம் ஏன் இவ்வளவு உயரம்? வீட்டுக்காரர் வாயால் சொல்லாததை அத்திவாரம் சொல்லிவிடும்.

தண்ணீரை நாக்கால் சோதிப்பது முதற்படிதான். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் பூமியில் வாங்குபவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே நல்ல தண்ணீர் உவர் நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். தோட்டத்து உரமும் மலக்குழியும் கல்லிடுக்குகள் வழியே கிணற்றை அடைந்து நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது ஆபத்து. காணி சிறியதென்றால், நமது மலக்குழியை மட்டுமல்ல, அயலாரின் மலக்குழி நமது கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அடி கணக்கிட்டுப் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் சொல்லித் தருவார்.

அற்றோணித் தத்துவம் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அத்துடன் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். இதைத் தெரியாமலும், தெரிந்து மறைத்தும் காணிகள் விற்கப்படுகின்றன. வெளிநாட்டில் இருப்பவருடன் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுங்கள். விற்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று சட்டத்தரணி மூலம் பாருங்கள். அன்றைக்கு நாங்கள் கேட்டபோது, மைத்துனர் நேர வித்தியாசம் பற்றிப் பேசத் தொடங்கினார். நாங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்கினோம்.

யாருடைய பெயரில்?

திரும்பும் பஸ்சில்தான் அக்கா உண்மையான கவலையைச் சொன்னார். பாதிக் காசு தரும் தம்பி, காணியைத் தன் பெயரில் எழுதச் சொல்கிறார். "அக்கா இருக்கலாம்தானே, நான் என்ன எழுப்பவா போறன்" என்கிறாராம்.

தம்பி கெட்டவரல்லர். அக்காவுக்கு உதவத்தான் நினைக்கிறார். ஆனால் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, இலங்கைக் குடியுரிமை இல்லாதவர். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியைக் கைமாற்றுவதைத் தடை செய்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. இதை நான் சொன்னதும் அக்காவுக்குப் பாதிப் பாரம் இறங்கியது. "அவனிட்ட நான் 'வேண்டாம்' எண்டு சொல்லத் தேவையில்லை, சட்டம் சொல்லுது எண்டு சொல்லலாம்" என்றார்.

ஆனால் சட்டம் தடுக்காத இடத்திலும் பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். தாலிக்கொடியை விற்றும், சீட்டுக் கட்டியும், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்தும் காசு சேர்ப்பவள் பெண். உறுதியில் பெயர் வருவது அண்ணனுக்கோ கணவனுக்கோ. 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஆணின் பெயரை எழுதிப் பழகிய கை, உறுதியிலும் அதையே எழுதுகிறது. எதிர்ப்புக்காகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் தலைக்கு மேல் இருக்கும் கூரைக்காகச் சொல்கிறேன்.

தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் சொந்த அசையா ஆதனத்தை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வாங்குவதற்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. திருமண காலத்தில் விலை கொடுத்து வாங்குவது தேடியதேட்டமாகி இருவருக்கும் உரித்தாகும். கணவர் காணாமற்போன பெண்களுக்கு இங்கேதான் முடிச்சு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடங்கொடாது. அது இல்லாமல் பின்னொரு நாள் மகளுக்கு எழுதிக் கொடுக்கவும் தடை வரும். காணவில்லை என்பதையே உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டம் திருத்தப்பட்டது. கணவரின் சம்மதத்தைப் பெற முடியாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கவும் வழி உண்டு. ஒவ்வொருவர் நிலையும் வேறு என்பதால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். அக்காவும் போனார். வாங்குவதற்கு முன்னரே போனதுதான் நல்லதாயிற்று.

மூன்றாவது காணி: மழைக்குள்

2024 நவம்பர் இறுதியில் வடக்கு கிழக்கெங்கும் பெருமழை பெய்து வெள்ளம் நின்றது. அது வடியத் தொடங்கிய டிசம்பரில் மூன்றாவது காணியைப் பார்க்கப் போனோம். பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து உள்ளே இருந்தது. ஒழுங்கையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். குடையும் கையுமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டு நடந்தோம். காணியின் படலையடியில் தண்ணீர் நின்றுவிட்டது. உள்ளே மேடு. மண் காலில் ஒட்டியது, புதையவில்லை.

மாமரம் இல்லை. தென்னை நான்குதான், அவற்றின் குரும்பைகளையும் குரங்குகள் கடித்து எறிந்திருந்தன. வேலி பாதி விழுந்து கிடந்தது. அழகில் முதற் காணியின் கால் தூசுக்கும் வராது. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு வயோதிபத் தாய் திண்ணையில் இருந்து, "ஆர் பிள்ளையள் மழைக்குள்ள? உள்ள வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். அவர் வீட்டுச் சுவரில் கோடு இல்லை. பள்ளிக்கூட மணி அங்கே கேட்டது. மாலை ஆறரைக்கும் வீதியில் பஸ் உண்டு என்றார். ரியூசன் முடிந்து வரும் பெண்பிள்ளைகளுக்குத் தெருவிளக்கும் பஸ் நேரமும் மாமரத்தை விட முக்கியம். தனித்து வாழும் பெண்ணுக்கு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு நல்ல அயல் இருப்பது வேலியை விடப் பலம்.

பிறகு கடுதாசி வேலை. காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்கான பதிவுகளைத் தேடி, ஈடு, வழக்கு ஏதும் உண்டா என்று பார்த்தோம். விற்பவரின் உறுதி போரில் தொலைந்திருந்தது. நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவதால், அங்கிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க முடிந்தது. பிரதேச செயலகத்தில் அது அரச காணியா, வனத் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா, குளம் அல்லது வாய்க்காலின் ஒதுக்கீட்டில் உள்ளதா என்று கேட்டோம். கமநல சேவை நிலையத்தில் அது வயலாகப் பதியப்பட்டதா என்று பார்த்தோம். 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை அனுமதியின்றி நிரப்பி வீடு கட்ட முடியாது. மலிவாகக் கிடைக்கும் 'வீட்டுக் காணிகள்' பல, மண் கொட்டிய வயல்களே. நில அளவையாளர் வந்து எல்லைக்கல் நாட்டியபோது, வேலி இருந்த இடத்துக்கும் உண்மையான எல்லைக்கும் ஐந்தடி வித்தியாசம் இருந்தது. பக்கத்து வீட்டுத் தாயும் கூட நின்று பார்த்தார். சண்டை வரவில்லை.

முற்பணத்தையும் வெறும் கடுதாசியில் கொடுக்கவில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். உறுதியில் உண்மையான விலையையே போட்டோம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும். பத்து இலட்சத்துக்கு வாங்கினால் 39,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதினால், வழக்கென்று வரும் நாளில் நமது காசுக்குச் சாட்சி இருக்காது. உறுதி முடிந்ததும் தாமதியாமல் பதிவதற்கும் நொத்தாரிசிடம் சொல்லி, பதிவான பிரதியைக் கேட்டு வாங்கினோம். ஒரே காணியை இருவருக்கு விற்ற கதைகளில், முதலில் பதிந்தவரின் பக்கமே பெரும்பாலும் பலம்.

2025 மாசி மாதத்தில் உறுதி முடித்தார்கள். நொத்தாரிசு அவசரமாகப் பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்திடும் இடத்தைக் காட்டினார். அக்கா பேனையை எடுக்கவில்லை. "ஐயா, குறை நினைக்காதேங்கோ, ஒருக்கால் முழுக்க வாசியுங்கோ" என்றார். அவர் வாசித்தார். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எல்லைகள், வழி வாய்க்கால், கிணறு, எல்லாம் வந்தன. அக்காவின் பெயர் வந்த இடத்தில், பக்கத்தில் இருந்த மூத்த மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை நாட்டையே உலுக்கியபோது, வன்னி வெள்ளச் செய்திகளைக் கேட்டுப் பதறி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு நாளாக இணைப்புக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே எடுத்தார். வீடு அப்போது கூரை மட்டத்தில் நின்றது. ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டிருந்தார்கள்.

"படலை மட்டும் வந்தது தங்கச்சி. உள்ள வரேல்லை" என்றார். "பள்ளத்துப் பக்கத்து நாலு குடும்பம் எங்களோட நிக்குது. பிறகு கதைக்கிறன், உலை வைச்சிருக்கு."